எரியுது மச்சான்

நவ. 21, வெள்ளி

காலையிலிருந்து தூறல். கடையில் ஆள் இல்லை. மழை பெய்கிற அன்று சொட்டுநீர்க் குழாயை யார் நினைக்கிறார்கள். சின்னமனூர் மெயின் ரோடு முழுக்கச் சபரிமலை போகும் வேன்கள். எதிரே டீக்கடைக்குப் போக ரோட்டைத் தாண்டப் பத்து நிமிடம்.

வேலைகள்: வால்வு சரக்கு பிரிக்க. கூரை ஒழுகல். மல்லிகா சொன்ன இட்லி அரிசி.

பதினொரு மணிக்குக் கம்பத்திலிருந்து தங்கச்சி கலா போன். 30ஆம் தேதி ஞாயிறு யாழினிக்குக் காதுகுத்து. வருசநாட்டுப் பக்கம் அவர்கள் குலசாமி கோயிலில். குழந்தைக்கு மூன்று முடிந்துவிட்டது, இதற்கு மேல் தள்ள முடியாதாம். தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

"சரி, அழைக்க எப்ப வர்றீக?" என்று கேட்டேன்.

புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம் வைத்து, தாய்மாமனைத்தான் முதலில் அழைக்க வேண்டும். அதுதான் முறை. போனில் சொல்லி முடிக்க இது என்ன கேஸ் சிலிண்டரா.

கலா குரலைத் தாழ்த்தினாள். "அவுக வரமாட்டேங்கிறாகண்ணே. நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா வந்துருவாக."

"என்ன வார்த்தை?"

"அன்னைக்கு உன் பிரேக் லைட்டு எரியலைன்னு."

வைத்துவிட்டேன்.

அவுக என்பது அவள் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி. கம்பத்தில் திராட்சைத் தோட்டம். இந்த டைரியில் இனி 'மா.' என்றே எழுதப் போகிறேன். மாப்பிள்ளை என்று முழுதாக எழுத மனம் வரவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைப்பது நல்லது. அக்டோபர் 12, ஞாயிறு. கலா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. திரும்பும்போது முன்னால் என் கார். பின்னால் மா.வின் பிக்கப், திராட்சைப் பெட்டிகளோடு, தேனிக்கு. அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்தில், அறுப்பு முடிந்த வயலிலிருந்து ஒரு வாத்துக் கூட்டம் ரோட்டில் ஏறியது. முந்நூறு இருக்கும். நான் பிரேக் போட்டேன். மனுஷன் செய்வது அதுதானே. மா. வந்து இடித்தார். என் பம்பர் உள்ளே, அவருடைய வலது ஹெட்லைட் வெளியே. பெட்டிகள் சரிந்து ரோடெல்லாம் திராட்சை. வாத்துகள் மறு வயலுக்குப் போகிற எண்ணத்தையே விட்டுவிட்டன.

"லைட்டே எரியல மச்சான். நீங்க நிக்கிறீகன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மா.

"எரிஞ்சது. நீங்க போனைப் பாத்துக்கிட்டு வந்தீக."

வாத்துக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். "எனக்கு வாத்து எண்ணணும்யா" என்று போய்விட்டார். அப்போதுதான் நான் அந்தச் சத்தியத்தைச் செய்தேன். குச்சனூர் சனீஸ்வரன் மேல சத்தியமா எரிஞ்சது என்று. வாத்துகள் உட்பட எல்லோரும் கேட்டார்கள்.

அதிலிருந்து பேச்சில்லை. நான் பம்பரை நிமிர்த்தவில்லை. அவர் ஹெட்லைட்டை மாற்றவில்லையாம். சாட்சி கலையக்கூடாது, இரண்டு பேருக்கும்.

இட்லி அரிசி மறந்துவிட்டது.

நவ. 22, சனி

வெயில். காரைக் கழுவினேன். 2006 மாடல், TN 60, வெள்ளை. வெள்ளை என்று இப்போது சொன்னால்தான் தெரியும்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. அன்றைக்கு மல்லிகா, நான்கு சக்கரம், ஸ்டியரிங், போதும் என்றாள். அசைகிற எதையும் விடக்கூடாது என்பது என் கொள்கை. கியர், கை பிரேக், ஜன்னல் சுற்றும் பிடி, வைப்பர், மிதிகள், ஸ்டெப்னி, ஜாக்கி. மொத்தம் முப்பத்தேழு பொட்டு. குழைத்தது நல்ல கெட்டிச் சந்தனம், ஜாக்கியில் இன்னும் கல் மாதிரி நிற்கிறது. துடைக்க மனம் வரவில்லை.

கழுவி முடித்து வண்டியைப் பின்னால் எடுத்தபோது டீக்கடை போஸ் கத்தினார். "அண்ணே, பிரேக் லைட்டு ரெண்டும் எரியல."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. பாக்குறேன்ல."

அன்றைக்கும் எரியவில்லையோ என்று ஒரு நிமிடம் சந்தேகம். அடுத்த நிமிடமே தெளிவு. இடித்தது யார்? மா. இடித்ததில் பல்ப் போயிருக்கும். ஆக லைட்டைக் கெடுத்ததும் அவர்தான். உடனே கலாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அண்ணே, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

மா. மீது இதுவரை:
1. இடித்தது.
2. போன் பார்த்தது.
3. அழைக்க வராதது.
4. பல்ப் இரண்டு (இன்று சேர்த்தது).
5. அவர் கல்யாணத்தில் எனக்குச் சின்ன மாலையாகப் பார்த்துப் போட்டது. பழைய விஷயம். இருந்தாலும்.

நவ. 23, ஞாயிறு

பல்ப் இரண்டு வாங்கி நானே மாட்டினேன். இதற்கெல்லாம் ஆள் தேட மாட்டேன். ஊரில் யார் தோட்டத்தில் எந்த வால்வு அடைத்தாலும் நான்தானே போகிறேன்.

மல்லிகாவைப் பின்னால் நிறுத்தினேன். மிதித்தேன்.

"எரியல."

நன்றாக மிதித்தேன்.

"எரியல."

"பக்கத்துல போய்ப் பாரு."

"பக்கத்துல போனா மட்டும் எரியுமாக்கும். எரியலங்க."

பழைய பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே கம்பி அறுபடவில்லை. இரண்டும் நல்ல பல்ப். பியூஸ் பார்த்தேன். இந்த வண்டியில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பியூஸ். ஹாரன் அடித்தேன், தெருவே திரும்பிப் பார்த்தது. பியூஸும் சரி.

மல்லிகா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இடிச்சதுல பல்பு போச்சுன்னீக. பல்பு நல்லா இருக்கு. பின்ன இடிச்சதுல என்னதான் போச்சு?"

"ஒயரு."

"அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டாள். அவள் 'அப்ப சரி' என்றால் எதுவும் சரியில்லை என்று அர்த்தம். பதினேழு வருஷத்தில் இது ஒன்று கற்றுக்கொண்டேன்.

பீரோவில் யாழினிக்கு வாங்கி வைத்த கம்மலை எடுத்துப் பார்த்தேன். ஆடி மாதமே வாங்கியது. சிவப்புக் கல், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. திரும்ப வைத்துவிட்டேன்.

நவ. 24, திங்கள்

வயரிங் பாபு பட்டறை. கார்த்திகை மாதம் அவரைப் பிடிப்பது கஷ்டம். வாசலில் ஆறு வேன். இவரும் மாலை போட்டிருக்கிறார். கறுப்பு வேட்டி, கழுத்தில் டெஸ்டர், துளசி மாலை இரண்டும். குமுளியில் பல வருஷம் வேலை பார்த்தவர், அவசரத்தில் மலையாளம் வரும்.

சொன்னேன். ஒரு ஹெட்லைட்டுக்குள் தலையை விட்டபடியே கேட்டார்.

"பின்னாடி சின்ன லைட்டு எரியுதா சாமி?"

"எரியுது."

"ஹாரனு?"

"அடிக்குது."

"அப்பச் சுவிட்சு சாமி. பிரேக் மிதிக்கு மேல இருக்கும். சின்னதா ஒரு குமிழு. மிதிச்சாக் குமிழு வெளிய வரும், லைட்டு எரியும். அது மாட்டிக்கிருச்சு."

"இடிச்சதுல போயிருக்கும்ல?"

தலையை வெளியே எடுத்தார். "இடிச்சது எங்கன?"

"பின்னாடி."

"சுவிட்சு எங்கன?"

நான் வாசலில் நின்ற வேன்களை எண்ணினேன்.

"வெள்ளிக்கிழமை வாங்க சாமி. இப்ப ஒரு ரெக்ஷயும் இல்ல, நேரமே கிடையாது" என்று மறுபடி ஹெட்லைட்டுக்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வரை எதற்கு? நானே பார்ப்பேன். அதிர்ச்சி முன்னால் வரைக்கும் பாயும். பாபுவுக்கு அனுபவம் பத்தாது.

நவ. 25, செவ்வாய்

பிரேக் மிதிக்கு மேலே பார்ப்பதற்கு ஒரே வழிதான். முதுகு வண்டியின் தரையில், தலை மிதிகளுக்கு அடியில், கால் இரண்டும் கதவு வழியாக வெளியே. கடை வாசலில் இப்படி ஒரு மணி நேரம் கிடந்தேன். ஊரில் ஒருவரும் அப்புறம் வருகிறேன் என்று போகவில்லை. எல்லோரும் காலோடு பேசினார்கள்.

"அண்ணே, அரை இஞ்சு வால்வு இருக்கா?"

"பைப்புக்கடைக்காரருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, காலு ஆடுது."

சுவிட்சின் ஒயரைக் கழற்றி, இரண்டு முனையையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தேன். டீக்கடையிலிருந்து போஸ், "எரியுதுண்ணே, ரெண்டும்" என்றார். அப்போது ஒயர் சரி. சுவிட்ச்தான். பாபு சொன்னது.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் போட்டு நட்டைத் தளர்த்திச் சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். பென்சில் முனை அளவு குமிழ். உள்ளே போனது போனபடி இறுகி நிற்கிறது. சுற்றிலும் மஞ்சளாக என்னவோ அடைத்துக் காய்ந்திருந்தது. நடுவில் சிவப்பு.

முகர்ந்தேன்.

சந்தனம். ஆயுத பூஜை அன்று இதே மாதிரி தலைகீழாகப் படுத்தது நினைவுக்கு வந்தது. மிதிக்கு மேலே ஒரு சின்னக் குமிழ் தெரிந்தது. இது என்ன என்று தெரியாது. ஆனால் அசைந்தது. அசைகிற எதையும் விடக்கூடாது. முப்பத்தேழாவது பொட்டு. கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

ஆயுத பூஜை 1ஆம் தேதி. வாத்து 12ஆம் தேதி.

லைட் எரியவில்லை. அன்றைக்கு எரியவில்லை. அதற்கு முன்னால் பதினோரு நாளும் எரியவில்லை.

சனீஸ்வரன் மேல் சத்தியம்.

காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி ஒரு தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஏன் என்று தெரியாது. கீழே போட முடியவில்லை, சந்தனமாயிற்றே.

"அண்ணே, அரை இஞ்சு வால்வு" என்றது ஒரு குரல். அந்த ஆள் இன்னும் நின்றுகொண்டிருந்தார். முக்கால் இஞ்ச் கொடுத்து அனுப்பிவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

நவ. 26, புதன்

செய்யக் கூடியவை:
1. சுவிட்சைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வது. யாருக்கும் தெரியாது.
2. சுவிட்ச் இடியில் போனது என்பது. (பாபு?)
3. உண்மையைச் சொல்வது.

மூன்றாவதை எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒன்றாவது.

மண்ணெண்ணெய், பழைய பல் தேய்க்கும் பிரஷ். அரை மணி நேரத்தில் குமிழ் உள்ளே வெளியே போய் வந்தது. டிக், டிக். யாழினி ஞாபகம் வந்தது. என் காரில் ஏறினால் அவளுக்கு இண்டிகேட்டர் போட வேண்டும். டிக் டிக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பாள். எனக்கு அவள் வைத்த பெயரே டிக் டிக் மாமா. சித்தப்பா பெரியப்பா என்று அத்தனை பேர் இருந்தும் பெயர் வைத்தது எனக்கு மட்டும்தான்.

சுவிட்சை மாட்டினேன். லைட் எரிந்தது. மல்லிகா வந்து பார்த்தாள். "பரவாயில்லையே. என்னவாம்?"

"தூசி" என்றேன்.

"அப்ப சரி" என்றாள்.

நவ. 27, வியாழன்

காலையில் வண்டி கிளம்பவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. போஸ் வந்து சொன்னார், "அண்ணே, நேத்துப் பூராம் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சே. வேணும்னுதான் விட்டிருக்கீகன்னு நெனச்சேன்."

சுவிட்சை நான் மாட்டிய இடத்தில் மிதி குமிழைத் தொடவே இல்லை. குமிழ் எப்போதும் வெளியே. லைட் எப்போதும் எரிந்தபடி. பேட்டரி காலி. ஐம்பது நாளுக்கு மேல் எரியாததையெல்லாம் ஒரே நாளில் சேர்த்து எரிந்து தீர்த்துவிட்டது. சனீஸ்வரன் கணக்கில் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள்.

நான்கு பேர் தள்ளிக் கிளப்பினோம். ஒயரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் குமரேசன் போன். பெரியப்பா மகன், எனக்கு இரண்டு வயது இளையவன். போடியில் இருக்கிறான். "அண்ணே, கலா வருத்தத்துல இருக்கு. நீங்க வரலைன்னா சொல்லுங்க, நானும் மாமன்தானே, என் மடியில வச்சுக் குத்திருவோம்னு சொல்லிட்டேன். வேட்டிகூடப் புதுசு எடுத்துட்டேன்."

"நான் வரலைன்னு யாரு சொன்னா?"

"அழைக்கலையாமே உங்கள."

குமரேசனுக்கு மடியே கிடையாது. உட்கார்ந்தால் தொடை இரண்டும் தந்தி அடிக்கும். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் இருக்க மாட்டான். அவன் மடியில் உட்கார வைத்தால் குழந்தைக்குக் காதில் குத்துவார்களா கன்னத்தில் குத்துவார்களா. எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை மல்லிகாவிடம் சொல்ல முடியாது, ஏன் என்று கேட்பாள்.

நவ. 28, வெள்ளி

பாபு பட்டறை. ஒயரைக் கழற்றி விட்டுத்தான் ஓட்டிப் போனேன். சுவிட்சில் இரண்டு நட்டைச் சுற்றினார், முடிந்தது. மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது. ஐந்து நிமிட வேலை. பிறகு விரலை முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம் மணக்குதே சாமி."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

பாபு சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "வருசா வருசம் வருது சாமி. போன வருசம் ஹாரனுக்குள்ள குங்குமம். அதுக்கு முந்தின வருசம் ஒருத்தர் ரேடியேட்டருக்குப் பால் ஊத்திட்டாரு. உங்களது பக்தி கொஞ்சம் ஆழமாப் போயிருச்சு."

"பாபு, இது நமக்குள்ள இருக்கட்டும்."

"நானாச் சொல்ல மாட்டேன் சாமி. ஆனா மாலை போட்டிருக்கேன். யாராச்சும் கேட்டாப் பொய்யும் சொல்ல மாட்டேன்."

"யாரு கேக்கப் போறா?"

"நாளைக்குச் சாயந்தரம் கம்பத்துக்காரரு பிக்கப்பு வருது, ஹெட்லைட்டு மாத்த. கோயிலுக்குப் போறாகளாம்ல. எப்படி ஒடஞ்சுச்சுன்னு கேட்டேன். உங்க பேரைத்தான் சொன்னாரு."

நாளை சாயங்காலம்.

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தேழாவது பொட்டு வரைக்கும். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாபு சொல்றதுக்கு முந்திப் போய்ச் சொல்லிருங்க. நீங்களாச் சொன்னா மன்னிப்பு. அவரு சொன்னாச் சிரிப்பு" என்றாள்.

அவளே சிரித்துவிட்டாள். இனி யார் சிரித்தால் என்ன.

நவ. 29, சனி

ஆறு மணிக்குக் கிளம்பிக் குச்சனூர். சனிக்கிழமைக் கூட்டம். எள் தீபம் போட்டேன். தெரியாமல் செய்த சத்தியம், மன்னிக்கணும் என்று வேண்டினேன். தெரியாமல்தானா என்று உள்ளே ஒரு குரல். போஸ் சொன்ன அன்றே சந்தேகம் வந்ததே, அது என்ன. அதையும் சேர்த்து மன்னிக்கச் சொன்னேன். காக்கைக்கு வைத்த சோற்றைக் காக்கை தின்றது. ஆனால் பக்கத்து ஆள் வைத்ததைத் தின்ற பிறகுதான்.

அங்கிருந்து நேரே கம்பம். மா. தோட்டத்தில் இருந்தார். திராட்சைப் பந்தலுக்கடியில் கத்தரியோடு. என்னைப் பார்த்ததும் கை நின்றது. வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. கார் சத்தம் கேட்டு யாழினி வீட்டிலிருந்து ஓடி வந்து, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். இண்டிகேட்டர் போட்டுக் கொடுத்துவிட்டுப் பந்தலுக்குள் குனிந்து போனேன்.

சட்டைப் பையில் எடுத்து வந்திருந்த சந்தனப் பொட்டலத்தை நீட்டினேன்.

"குச்சனூர் போயிட்டா வர்றீக" என்றார் மா. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். பிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சிட்டிகை எடுத்து, பக்தியோடு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"மாப்ள, அது பிரசாதம் இல்ல."

"பின்ன?"

"என் பிரேக் சுவிட்சுல இருந்து சுரண்டுனது."

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, குமிழ், பதினோரு நாள். "அன்னைக்கு லைட்டு எரியல மாப்ள. தப்பு என் மேலதான்." நெற்றியில் என் தப்போடு நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "தெரியும் மச்சான்."

"என்ன தெரியும்?"

"எரியலைன்னு. அன்னைக்கு வீட்டுல இருந்து கெளம்புனதுமே பாத்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலயும் பாத்தேன். எரியல."

"தெரிஞ்சுமா? கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எரியுதும்பீக."

நான் ஒரு திராட்சை இலையைக் கிள்ளினேன்.

"கல்யாணமாகி அஞ்சு வருசத்துல நான் சொல்லி நீங்க ஆமான்னது ஒண்ணு சொல்லுங்க பாப்பம்."

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். மருந்து அடிக்கிற நாள், பம்பு செட்டு, கலாவின் பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி. எல்லாவற்றிலும் நான்தான் பேசியிருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

"என் மேலயும் தப்பு இருக்கு மச்சான்" என்றார். "போனை நான் பாக்கல. இந்தத் தடவையாச்சும் எரியுதான்னு உங்க லைட்டையே பாத்துக்கிட்டு வந்தேன். வாத்தை எங்க பாத்தேன்?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பந்தலில் இருந்த குருவியெல்லாம் பறந்து போயின. கலா ஓடி வந்து புருஷன் நெற்றியைப் பார்த்து, "அண்ணே, எனக்கும் கொஞ்சம் பிரசாதம் குடு" என்றாள். மறுபடியும் சிரிப்பு.

பிறகு ஒரு சிக்கல். நான் இங்கே வந்துவிட்டேன். முறைப்படி அவர்கள்தான் என் வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டும். இங்கேயே தட்டைக் கொடுத்தால் குமரேசன் அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். "நீங்க முன்னாடி போங்க மச்சான், நாங்க பின்னாடியே தட்டோட வர்றோம். அப்படியே பாபுகிட்ட வண்டியையும் விட்டுருவேன்" என்றார் மாப்பிள்ளை.

(முழுதாக எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

அப்படியே வந்தோம். முன்னால் நான், பின்னால் பிக்கப். முதல் வேகத்தடையில் போன் அடித்தது. கலா. "அண்ணே, எரியுதாம்." இரண்டாவதிலும். "எரியுதாம்ணே." மூன்றாவதில் போனைப் புருஷன் வாயருகே பிடித்திருக்கிறாள். "எரியுது மச்சான்." அனுமந்தன்பட்டியில் வாத்து எதுவும் இல்லை. இருந்தாலும் நிறுத்தினேன். நல்ல இடைவெளியில் அவரும் நிறுத்தினார்.

மல்லிகா ஆரத்தியோடு வாசலில் நின்றாள். தட்டை வாங்கிக்கொண்டேன். குமரேசனுக்கு நானே போன் செய்து சொன்னேன்.

நவ. 30, ஞாயிறு

நான்கு மணிக்கு எழுந்து, ஆறுக்குக் கிளம்பி, தேனி, கண்டமனூர், கடமலைக்குண்டு வழியாக வருசநாடு. மலையில் மேகம் இறங்கியிருந்தது. நல்ல குளிர். நாங்கள் முன்னால், மாப்பிள்ளை பின்னால். பிக்கப்பில் புது ஹெட்லைட்.

மொட்டை. பிறகு என் மடி. சந்தனம் பூசிய தலையோடு கனமாக உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அழ ஆரம்பித்தாள். "ஏ ஆத்தா, மாமா இருக்கேன்ல" என்றேன். "டிக் டிக் சொல்லு மாமா" என்றாள். அத்தனை பேருக்கு முன்னால், இருபது ஊர் சனம் பார்க்க, டிக் டிக் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கண்ணிலும் தண்ணீர். குத்தி முடித்த பிறகுதான் வேட்டி நனைந்திருப்பது தெரிந்தது. குமரேசன் தன் புது வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பையில் இருந்த பழசைக் கட்டிக்கொண்டான். நல்ல பையன்தான். உட்காரத் தெரியாது, அவ்வளவுதான்.

கறி விருந்து. மூன்று மணிக்குத் திரும்பினோம். யாழினி எங்கள் காரில்தான் வருவேன் என்று மல்லிகா மடியில் ஏறிக்கொண்டாள். காதில் சிவப்புக் கல்.

கண்டமனூர் தாண்டி ஓரிடத்தில் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன்.

"மாமா, டிக் டிக் வேகமா ஓடுது" என்றாள்.

அதெல்லாம் சரியாத்தான் ஓடுது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் எரியவில்லை. ஒரு பல்ப் போனால் டிக் டிக் வேகமாகத்தான் ஓடும்.

பிக்கப் வந்து நின்றது. மாப்பிள்ளை தலையை நீட்டினார்.

"இது எரியல மாப்ள. உங்களுக்குத் தெரியுமா?"

"காலையில போகும்போதே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு விட்டேன் மச்சான்."

நாளை: இண்டிகேட்டர் பல்ப் ஒன்று. இட்லி அரிசி. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, வேறு என்னென்ன எரியவில்லை என்று கேட்க.